ஜன்னலுக்கு ஒரு மந்தாரை

ஜூன் 9

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அரை நாள் லீவு. மனைவியை டாக்டரிடம் காட்டிவிட்டு நேரே நாற்றுப் பண்ணைக்குப் போனோம். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் வேண்டுமாம். இலை உதிர்க்காததாகப் பார் என்றேன், கூட்டுவது யார்? மந்தாரைதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நம் மண்ணிலேயே வளர்வது, வெயில் காலத்தில் நிழல், குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெயிலை உள்ளே விடும், பிறகு பூ. அவளிடம் வாதாடி யார் ஜெயித்தது?

முழங்கால் உயரக் கன்றைத் தேர்ந்தெடுத்தாள். பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும் என்றார் பண்ணைக்காரர். அப்புறம் வாங்கலாம் என்று கூட்டி வந்துவிட்டேன். இன்னொரு கோடையைப் பார்த்தால் பெரிது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 12

நானே போய்ப் பெரிய மரமாக வாங்கி வந்தேன். ஜன்னலை மறைக்கும் உயரம், வேர்மண்ணோடு சாக்கில் கட்டியது. வரும் பிப்ரவரியிலேயே பூக்குமாம். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

வாசலில் நின்று பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு நான் கேக்கவே இல்ல. நீங்க மரமா வாங்கிட்டு வந்து சொல்லிட்டீங்க."

மடையன். இப்படியா ஒருத்தன் போட்டு உடைப்பான்?

ஜூன் 14

பேச்சில்லை. குழியை நானே வெட்டி மரத்தை இறக்கினேன். சாயங்காலம் அவளே வந்தாள். மரம் சாய்ந்திருக்கிறதாம், கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் பார். அவள் பிடித்துக்கொள்ள நான் மண்ணைத் தள்ளினேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஆகஸ்ட் 30

மரம் வேர் பிடித்துவிட்டது. அவளுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 21

இலையெல்லாம் கொட்டிவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடப்பவள் கண்ணெதிரே மொட்டை மரம். எனக்குத் தாங்கவில்லை, திரையை இழுத்துவிட்டேன். திறக்கச் சொன்னாள்.

"இலை இருந்தப்ப தெருமுனை தெரியல. இப்பதான் நீங்க பஸ்ஸுல இருந்து இறங்குறது தெரியுது. இறங்கினதும் இந்தப் பக்கம் கை காட்டுங்க."

ஜனவரி 8

தினமும் காட்டுகிறேன். அவளும் இன்று கையைத் தூக்கினாளாம், கூட இருக்கும் அவள் தங்கை சொன்னாள். அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3

மொட்டு விட்டிருக்கிறது. ஓரிரு நாளில் விரியும் என்றேன். சரி என்றாள்.

பிப்ரவரி 4

போய்விட்டாள்.

பிப்ரவரி 23

மரம் முழுக்கப் பூ. தெருவே நின்று பார்க்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை — யாருக்காக இப்போது? பஸ்ஸை விட்டு இறங்கினால் கண் தானாக அங்கே போகிறது. இலையில்லாத கிளைகளுக்கு நடுவே காலி ஜன்னல். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப் பின்தெரு வழியாக வருகிறேன்.

ஏப்ரல் 16

மழை. வேறு வழியில்லாமல் எங்கள் ஸ்டாப்பிலேயே இறங்கினேன். பூ ஓய்ந்து, இலை அடர்ந்துவிட்டது. ஜன்னல் தெரியவில்லை. உள்ளே அவள் இல்லை என்பதும் அங்கிருந்து தெரியவில்லை.

கை காட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.