அக்காவின் நடவு

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானின் நினைவு ஆராதனையில் நீயே தேவசெய்தி கொடுக்கப்போவதாக அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாயாம். அவள் மறுக்கவில்லை. புருஷனைப் புதைத்த வாரத்தில் எவளும் வாதாட மாட்டாள்.

ஒரத்தநாட்டில் உன் புதுவீட்டு விருந்தை நான் மறக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற நாள்முதல் குடியைத் தொடாத மனிதரிடம் நீ கோப்பையை நீட்டினாய்.

"வேணாம் மாப்ள, எனக்கு ஒரு கோப்பையோட நிக்காது."

"அட, குடிங்க அத்தான்! ஒரு வாய்ல ஞானஸ்நானம் கரைஞ்சா போயிடும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கிறிஸ்துவுக்குள் நாம் சுதந்திரர் என்று விளக்கமும் கொடுத்தாய். விளக்கம் சரியானதே. நீ ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டு கைகழுவப் போனாய். அவரால் அதன்பின் நிறுத்த முடியவில்லை. கடைசியில் வாய்க்காலிலிருந்துதான் அவர் உடலைத் தூக்கி வந்தோம்.

உன் சுதந்திரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்காக அன்று ஒரு வேளைக்கு மட்டும் அதை நீ விட்டுக்கொடுத்திருக்கலாம்.

செய்தியைப் போதகர் கொடுப்பார். அக்காவின் நாற்றங்காலில் சம்பா நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வா. சேற்றில் இறங்கி நாற்றுப் பறி. அக்கா தானாகப் பேசும்வரை நீ பேசாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்