713809-ஐ வகுத்த நாட்கள்

ஷோவா 53 (1978), பிப்ரவரி 6
பொத்தான் ஆலையில் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரி. அண்ணாவின் அறை 305. முந்தியது 303. 'ஷி' என்றால் நாலும்தான் சாவும்தான் என்று, நடுவில் இருக்க வேண்டிய 304-ஐ விட்டுவிட்டார்கள். "பலகைய மாத்தினா எண் மாறிடுமா தோமோ? நான் படுத்திருக்கறது நாலாவது ரூம்தான்" என்று சிரித்தான்.

இதய அறுவைக்கான ஒப்புதல் தாளில் கையெழுத்துக்குப் பதில் அவன் முத்திரை வைக்க வேண்டும். மாட்டேன் என்கிறான். செய்தால் பிழைக்கப் பாதி வாய்ப்பு, செய்யாவிட்டால் கோடை வரைதான் என்கிறார் டாக்டர். அம்மா அவன் காலில் விழாத குறை. கடைசியில் கட்டில் அட்டையைக் காட்டினான். நோயாளி எண் 713809.

"இது பகா எண்ணா இருந்தா வைக்கிறேன். எதாலயாவது மிச்சமில்லாம வகுபட்டா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும்."

"உயிரோட விளையாடாதடா!"

"தோமோ வகுக்கட்டும்மா. அவ பொய் சொல்ல மாட்டா. வாயத் தொறந்தாத்தானே பொய் சொல்றதுக்கு!"

வகுப்பில் எழுந்து பேசப் பயந்து பள்ளியை விட்டவள் நான். மணிச்சட்டம் மட்டும் கைவரும்.

பிப்ரவரி 7
இலக்கங்களைக் கூட்டினால் 28. அது நிறைவெண், அதை வகுக்கும் 1, 2, 4, 7, 14 எல்லாம் சேர்ந்தால் அதுவே வந்துவிடும். நல்ல சகுனம் என்றான், சகுனமே நம்பாத அண்ணா. 713809-இன் வர்க்கமூலம் 844 சொச்சம்; 845-க்குள் பகா எண்கள் 146. அவற்றால் வகுபடாவிட்டால் போதும். பட்டியலை அவனே எழுதினான். நடுவில் மூன்று முறை பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்கினான்.

பிப்ரவரி 10
311 வரை. எல்லாவற்றிலும் மிச்சம்.

பிப்ரவரி 15
787. மிச்சம் இல்லை.

மறுபடி போட்டேன். 907 தடவை, சரியாக. மறுபடியும். இன்னும் எட்டே எட்டுதான் பாக்கி இருந்தது! இங்க வந்தா இப்படி —

அண்ணா கண்ணை மூடி மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான். "என்ன, மிச்சம் எவ்வளவு?"

அம்மா கிண்ணம் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எட்டு" என்றேன்.

பிப்ரவரி 17
மீதி எட்டு எண்களையும் ஒழுங்காக வகுத்தேன். எதற்கு? அண்ணா முத்திரை வைத்தான்.

பிப்ரவரி 20
நாளை அறுவை. அம்மா வெளியே போனதும் கேட்டான்: "787-ஐ மட்டும் ஏன் மூணு தடவ போட்ட?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவன் என் தலையில் தட்டி, "சரி. எட்டுதான்" என்றான்.

தெரிந்துவிட்டதா? தெரிந்துமா?

பிப்ரவரி 21
அண்ணா கண் விழிக்கவில்லை.

மார்ச் 12
அண்ணாவின் எண்ணை வகுப்பவை 1, 787, 907. கூட்டினால் வெறும் 1695. அவ்வளவு பெரிய எண்ணுக்கு இவ்வளவுதான். குறைவெண். மிச்சம் இல்லை என்று சொல்லியிருந்தால் இந்நேரம் வீட்டில் படுத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். கோடை வரையாவது இருந்திருப்பானே. நான்தான். நான்தானே?

ஏப்ரல் 10
அண்ணா போய் நாற்பத்தொன்பதாம் நாள், காரியம். பிக்கு போன பிறகு, படத்தின் பக்கத்தில் அம்மா வைத்திருந்த கட்டில் அட்டையைப் பெரியப்பா எடுத்தார்.

"இது என்ன நம்பர்?"

"அவனோடது. பகா எண். எதாலயும் உடைக்க முடியாது. இவதான் ஒண்ணொண்ணா வகுத்துப் பாத்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா பெரியப்பா" என்றேன். சத்தமாகவே வந்தது.

மணிச்சட்டத்தையும் படத்தின் முன் வைத்திருக்கிறேன். கடைசிக் கம்பியில் எட்டு: மேலே ஐந்துக்கு ஒரு மணி, கீழே மூன்று. அம்மா தூசி தட்டும்போது அந்த மணிகள் கலையாமல் தட்டுகிறாள்.