கணுக்காலில் கட்டிய வாட்ச்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம், இந்த முறை நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நேற்று போனில், “தினம் பத்தாயிரம் அடி நடந்தவர் ஒரு வாரமா ரெண்டாயிரத்துலயே நிக்கிறீங்க, உடம்புக்கு என்னப்பா, மறைக்காம சொல்லுங்க” என்று நீ அழுததும் அம்மா போனை என்னிடம் நீட்டி, “நீங்களே சொல்லுங்க” என்று முறைத்தாள். எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படி.

போன வருடம் நெஞ்சுவலி வந்து போன பிறகு நீ அனுப்பினாயே, என் அடிக்கணக்கை உன் போனிலும் காட்டுகிற அந்த வாட்ச், அதைக் கட்டிக்கொண்டு முதல் நாள் தெருமுனை வரை நடந்ததற்கே முட்டி பிடித்துக்கொண்டது. தையல் கடையிலோ பள்ளிச் சீருடைத் துணி மலையாகக் கிடந்தது. மெஷினை மிதிக்க உட்கார்ந்தவன் சும்மா இராமல் வாட்சைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தேன். ஒரு டவுசர் முடிவதற்குள் எண்ணூறு அடி காட்டியது! மிதிப்பதும் உழைப்புதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை நீ “சூப்பர்ப்பா” என்று அனுப்பினாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் கணுக்காலில் கட்டினேன்.

போன வாரம் டாக்டர் டிரெட்மில்லில் ஏற்றினார். மூன்றாவது நிமிடமே மூச்சு இரைத்தது. “பத்தாயிரம் அடி நடக்கிறவருக்கு இப்படி இரைச்சா அடைப்பு இருக்கலாம், ட்யூப் விட்டுப் பார்த்துடலாம்” என்று தேதி குறிக்கப் போனார். பக்கத்தில் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன். டாக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் நன்றாகத் திட்டினார், அப்புறம்தான் விளக்கினார். இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தயாரிக்கிற பொடி மோட்டார்கள் நிறைய இருக்கின்றனவாம். விடாமல் வேகமாக நடந்துவந்தால், பழுதான மோட்டாரைச் செல்லே கழித்துவிட்டுப் புதிது செய்துகொள்ளுமாம், என்றைக்காவது ரத்தம் குறைந்தாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்குமாம். உட்கார்ந்து கணுக்காலை ஆட்டினால் அந்த வேலை நடக்காதாம். செத்துப்போன இதயச் செல் மறுபடி வளர்வது மிக அபூர்வமாம். ஒட்டுப்போட முடியாத துணி என்று எனக்கு விளங்கியது. மூன்று மாதம் ஒழுங்காக நடந்துவிட்டு வாருங்கள், மறுபடி டிரெட்மில்லில் பார்த்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது கண்ணு, உன்னிடம் சொல்வதற்கென்ன. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் காலையில் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு அவளும் கூடவே வருகிறாள்.

நீயும் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் குந்தியிருக்கிறாய், என் பெண்தானே. எழுந்து நட, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க எங்கள் ஆசி.

இன்று காலைக் கணக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது. கொஞ்சம்தான், ஆனால் அத்தனையும் நான் நடந்தது. இதற்கும் ஒரு “சூப்பர்ப்பா” அனுப்புவாயா?

உன் அப்பா
(வாட்ச் இப்போது இடது கையில்)