உன் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவள்

என் கண்ணான ஸ்டெல்லா,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். உன் பொருள் ஒன்றை உன்னைக் கேட்காமல் எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தேன். போன வாரம் உன் அம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டேன். அகப்பட்ட பிறகு வந்திருக்கிற நிம்மதி இருக்கிறதே, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். மறைத்தது போதும்.

என்ன பொருள் என்கிறாயா? உன் பெயர்தான்.

நம் கதை உனக்குத் தெரியாததில்லை. ஆனால் மற்றவர்களும் படிக்கிறார்களே, அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள். மிஷன் பள்ளித் தையல் வகுப்பில் துணி ரோஜா செய்யக் கற்றுக்கொண்டோம். என்னைக் காட்டி, டீச்சர் செய்ததைவிட லோகு செய்ததுதான் ரோஜா மாதிரி இருக்கிறது என்று நீ வகுப்பிலேயே சொன்னாய். இரண்டு பேரும் பெஞ்சு மேல் நின்றோம். படிப்பு முடிந்ததும் பிளாக்பள்ளியில் உங்கள் வீட்டு முன்னறையைக் காலி செய்துவிட்டு, தொப்பிக்கும் கல்யாண முக்காட்டுக்கும் துணிப் பூ செய்து விற்கப் போகிறோம் என்று அறிவித்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகைகூட நீயே எழுதி மாட்டினாய்: ஸ்டெல்லா அண்டு கோ. "நான் எங்கடி?" என்று கேட்டேன். "நீதாண்டி கோ" என்றாய்.

அதுவும் நியாயம்தான். பூவைச் செய்தவள் நான், விற்றவள் நீ. துரைசானிகளிடம் இங்கிலீஷ், துணிக்கடையில் கன்னடம், ஜட்காக்காரரிடம் உருது, என்னிடம் மட்டும் நல்ல தமிழில் திட்டு. நீ பேசுகிற இடத்தில் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு அந்த மழைக்காலத்தில் உனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம்தான். உன்னைப் பெட்டியில் வைத்தபோது தலைக்குச் சூட்டிய வெள்ளைப் பூ முடியை நான்தான் செய்தேன். இடது பக்கம் ஒரு இதழ் சரியாகக் குழியவில்லை. அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது, ஸ்டெல்லா.

காரியமெல்லாம் முடிந்த பிறகு உன் அம்மாவே இதழ் குழிக்கிற இரும்பு, கம்பிச் சுருள், பலகை எல்லாவற்றையும் ஒரு ஜட்காவில் ஏற்றி ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். இரண்டு மாதம் நான் மூட்டையைப் பிரிக்கவில்லை. ஆனால் நீ ஒப்புக்கொண்டிருந்த ஆர்டர் ஒன்று பாக்கி இருந்தது. சவுத் பரேடு தொப்பிக் கடைக்குப் போன முறை உன்னோடு வாசல் வரை வந்தவள், அந்தத் தடவை தனியாக உள்ளே போனேன்.

கடைக்குப் புதிதாக ஒரு துரைசானி வந்திருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஆர் யூ ஸ்டெல்லா?" என்று கேட்டாள். நோ, ஷி இஸ் டெட். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியில் எட்டு வருஷம் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். வாய் வரவில்லை. அந்த வார்த்தையை அதுவரை நான் எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை. "யெஸ்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு யெஸ் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? கடையிலிருந்து பங்களாக்களுக்கு, பங்களாக்களிலிருந்து கல்யாண வீடுகளுக்கு. போன இடமெல்லாம் ஸ்டெல்லா, மிஸ் ஸ்டெல்லா, ஸ்டெல்லாம்மா. வேடிக்கை என்னவென்றால், லோகநாயகிக்கு வாயே கிடையாது. ஸ்டெல்லா என்று கூப்பிட்டால் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. பேரம் பேசினேன். முடியாது என்றால் முடியாது என்றேன். ஒரு தடவை ஒரு கர்னலின் மனைவியிடம், இந்த நிறம் உங்கள் முகத்துக்கு ஆகாது என்றுகூடச் சொன்னேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

அடுத்தது நானாகச் செய்தது. கேட்லாகைப் பார்த்துப் பார்த்து, கண்ணால் கண்டிராத சீமைப் பூக்களாகச் செய்து எனக்கு அலுத்துப்போயிற்று. மல்லேஸ்வரத்தில் எங்கள் அத்தை வீட்டு வாசலில் ஒரு சம்பிகே மரம், நம் செண்பகம்தான், உண்டு. ஒரு பூவைப் பறித்து வந்து இதழ் இதழாகப் பிரித்துப் பார்த்தேன். பழைய பட்டுத் துணியை மஞ்சளிலும் தேயிலைத் தண்ணீரிலும் நனைத்து அதே மாதிரி செய்தேன். அந்த நீள இதழ் நுனியில் சுருளுவதற்குப் பதினைந்து நாள் மல்லுக்கட்டினேன். தொப்பிக் கடைத் துரைசானி அதைக் கையில் வாங்கியதும் என்ன செய்தாள் தெரியுமா? மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு, செய்து கொடுக்கிற அத்தனையையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் நான் யாருக்கோ கைவேலை செய்கிறவள் இல்லை, என் தொழிலை நானே நடத்துகிறேன் என்று தோன்றியது. தோன்றின கையோடு அவள், "வெல் டன், ஸ்டெல்லா" என்றாள். உன் பெயரை நான் எடுத்துக்கொண்டேனா, என் பூவை உனக்குக் கொடுத்துவிட்டேனா என்று புரியாமல் வீடு வரை நடந்தே வந்தேன்.

நடுவில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. நான் காபித் தட்டோடு கூடத்துக்கு வருகிறேன், வாசலில் ஒரு பங்களாச் சேவகர் வந்து நின்று, "ஸ்டெல்லா மிஸ்ஸி ஊடு இதுதானா?" என்கிறார். பழக்க தோஷம். "ஆமா, இருங்க, வர்றேன்" என்றேன்.

பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "பொண்ணு பேரு லோகநாயகின்னுதானே ஜாதகத்துல போட்டிருந்தது?"

"அது கம்பெனிப் பேருங்க" என்றார் அப்பா.

"கம்பெனியா? பொண்ணு கம்பெனி நடத்துதா?"

பெண் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாளோ என்று முதலில் பயந்தவர்கள், கம்பெனி என்றதும் அதைவிட அதிகமாகப் பயந்துவிட்டார்கள். கேசரி அப்படியே இருக்க, எழுந்து போய்விட்டார்கள். அம்மா அழுதாள். ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தே பழகிவிட்ட அப்பா, "விடு, வண்டி தப்பான பிளாட்பாரத்துக்கு வந்துடுச்சு" என்றார். நான் மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் உன் அம்மாவைப் பற்றித்தான். செத்த பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தால்? முதல் வருஷம் ஞாயிறுதோறும் அவளைப் பார்க்கப் போனேன். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். அவள் ஒருநாளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

போன வாரம் மாதா கோயில் திருவிழா. தேருக்குச் சாத்துகிற துணிப் பூமாலை இந்த வருஷம் நம்முடையது. காலையிலேயே பெட்டியோடு போனேன். ஜனங்கள் காவிச் சேலையும் கையில் மெழுகுவர்த்தியுமாக நிறைந்திருந்தார்கள். கூட்டத்தில் எனக்குப் பத்தடி முன்னால் உன் அம்மா. நான் ஒதுங்கி நின்றுவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் படிக்கட்டின் மேலே இருந்து கோயில் உபதேசியார் குரல் கொடுத்தார். ஊருக்குப் புதியவர், என்னை உன் பெயரில்தான் அவருக்குத் தெரியும். நல்ல கனத்த குரல்.

"ஸ்டெல்லா! ஏம்மா ஸ்டெல்லா!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். உன் அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

அவள் திரும்பின வேகத்தை என்னால் எழுத முடியவில்லை. உபதேசியார் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். அவள் அந்தக் கை போகிற திசையைப் பார்த்தாள், அங்கே நான் நிற்கிறேன். அவள்தான் என்னிடம் நடந்து வந்தாள்.

"உன்னையா கூப்புடறாரு?"

"ஆமாம்மா."

"எத்தினி நாளா?"

"அவ போனதிலேர்ந்தும்மா. கடைல கேட்டாங்க, நீதான் ஸ்டெல்லாவான்னு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் எல்லாரும் அப்பிடியே... மன்னிச்சிருங்கம்மா."

அவள் பெட்டிக்குள் இருந்த மாலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"அவ போனப்புறம் ஊட்ல யாரும் அந்தப் பேர வாய்விட்டுச் சொல்றதில்ல, லோகு. சொன்னாலும் என் காதுல விழக்கூடாதுன்னு குசுகுசுன்னு சொல்றாங்க. அஞ்சு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒருத்தர் தெருவுக்கே கேக்கற மாதிரி கூப்பிட்டாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "கூப்பிட்டுக்கினே இருக்காரு பாரு. பதில் சொல்லு."

"வர்றேங்க" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா" என்றாள் உன் அம்மா.

சொன்னேன். மாலையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானுமாகப் பிடித்துக்கொண்டு படியேறினோம். ஐந்து வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னாள், இருந்தேன்.

ஸ்டெல்லா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் உன் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் தெரிந்தவர் காதில் விழுமோ என்று தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்று முனகமாட்டேன். வாய் நிறையப் பதில் சொல்வேன். உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும், முதல் தடவை காது கேளாதவள் மாதிரி நிற்பேன். கூப்பிடுகிறவர்கள் இன்னொரு தடவை கூப்பிடட்டும், அவளும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் தோழி
லோகநாயகி
ஒக்கலிபுரம்