முகத்துக்கு ஏது சத்தம்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு டீச்சர் எழுதுவது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சேதி அப்படி இல்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

அம்மா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டாய். தொண்டைக்கட்டு என்று நான்தான் மழுப்பினேன். அவளுக்குப் பேர்கள் எல்லாம் மறந்துபோய்விட்டன. சத்தம்தான் மிச்சம். பசித்தால் வயிற்றைத் தொட்டு "கபகப" என்கிறாள். தலைவலிக்கு "விண்விண்". மழைக்கு "சடசட", தூறலுக்கு "பிசுபிசு".

குற்றம் என் மேல்தான். முப்பத்திரண்டு வருசம் இருவரும் தறி ஷெட்டில் நின்றவர்கள். அந்த இரைச்சலில் வாக்கியம் யார் காதில் விழும்? நூல் அறுந்தால் "பட்", பெல்ட் நழுவினால் "சர்ரு", அவ்வளவுதான் பேச்சு. வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. "உங்க வீட்ல குடியிருக்கிறது மனுசங்களா, மிஷினா?" என்று எதிர்வீட்டுக்காரி கிண்டலடிப்பாளே, நினைவிருக்கிறதா? போன வருசம், குழாயில் தண்ணீர் வராத ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா தண்ணீர் என்று சொல்லாமல் "மடக்மடக்" என்றாள். விளையாடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டினேன். அப்படியே ஏழு மாதம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

"இத்தன நாளா என்ன பண்ணீங்க பெரியவரே?" என்றார், கடைசியில் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர். "எனக்குத்தான் எல்லாம் புரிஞ்சுதே ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல? போனது திரும்பாது, இருப்பதும் குறைந்துகொண்டேதான் போகும் என்றுவிட்டார்.

படம் காட்டிக் கேட்டார்கள். கத்திரிக்கோலுக்கு "நறுக்நறுக்", பூட்டுக்கு "கடக்" என்றாள். நர்சம்மா எல்லாம் தப்பு என்று கோடு போட்டாள். அதிலே எது தப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு உன் கல்யாணப் போட்டோவை நானே எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மனுச முகத்துக்கு ஏது சத்தம்? என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார் டாக்டர். அதற்கும் வரவில்லை.

இந்த வாரம் மழைக்கும் தூறலுக்கும் சும்மா கையை ஆட்டுகிறாள். பசி இன்னும் இருக்கிறது.

வருசக் கடைசியில் வருவதாக எழுதியிருந்தாய். அப்படியே செய். லீவுக்காக மேலதிகாரியிடம் மல்லுக்கு நிற்காதே. "சீக்கிரம் வான்னு ஒரு வரி போடட்டுமா தாத்தா?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இது என் ஆசீர்வாதம். அம்மா சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிவிடுகிறேன்: நல்லா இருடி கண்ணு.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும்
அப்பா