என் குரலில் ஒரு ராக் இசைத்தட்டு

3 மார்ச் 1979
ஸ்டுடியோ கிடைத்துவிட்டது! அடுத்த சனி, ஞாயிறு. எங்கள் முதல் இசைத்தட்டு. பாட விக்ரம், டிரம்ஸுக்கு பிட்டு, கிதார் நான். பாட்டெல்லாம் நான் எழுதினது. அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சத்தத்தைக் காசு குடுத்து வேற வாங்குவாளா?" என்றாள். வாங்குவா, அம்மா, வாங்குவா!

7 மார்ச்
விரல் நுனியெல்லாம் எரிகிறது. ஆபீஸில் டைப் அடிக்க முடியவில்லை. அடிக்கவும் மனசில்லை.

10 மார்ச்
விக்ரம் வரவில்லை. பம்பாயில் விமானக் கம்பெனி வேலையாம், நேற்றே ரயிலேறிவிட்டானாம். அவன் அக்கா போனில் சொன்னாள். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கேன்சல் என்று எழுந்துவிட்டார். பிட்டு என் பக்கம் திரும்பி ஹிந்தியில் சொன்னான். "ராஜி, தூ கா லே."
நானா? பாடறதா?
முதல் தடவை குரல் நடுங்கியது. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன் — ஐயோ, எங்கேயிருந்து வந்தது அது! பிட்டு குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான். கம்பெனிக்காரர், குரல் கரகரப்பாக இருக்கிறதே என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த பாட்டு?"

11 மார்ச்
எட்டுப் பாட்டும் முடிந்தது. குரல் போயே போச்சு. சிரிப்பு மட்டும் வருது.

22 ஜூன்
வந்துவிட்டது! அட்டையில் ராஜலக்ஷ்மி சேஷன் என்று கொட்டை எழுத்தில். அப்பா ஆபீஸிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே கேட்டார். நான் சமையலறையில் ஒளிந்துகொண்டேன். ஒரு பக்கம் முடிந்தது. திட்டப் போகிறார் —
"ஒண்ணும் புரியலை" என்றார். அப்புறம், "திருப்பிப் போடேன். அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

4 ஜனவரி 1980
விற்கவில்லை. கடைகள் திருப்பி அனுப்பிவிட்டன. பிட்டு அவன் அப்பாவோடு துணிக்கடையில். யாருக்காகப் பாடினேன்?

16 நவம்பர் 1986
இன்று காலை வாசலில் மூன்று காலேஜ் பெண்கள், தோளில் கிதாரோடு. மீனாக்ஷி என்று ஒருத்தி, பூசா ரோட்டிலிருந்து. இந்த ஹிந்தி ஊரிலேயே வளர்ந்தவள், தமிழ் தடுக்குகிறது. "ஆண்டி, பழைய கடையில கிடைச்ச உங்க ரெகார்டு கேட்டுத்தான் நாங்க பேண்ட் ஆரம்பிச்சோம். மூணாவது பாட்டுல கை எப்படிப் போறது? பதாயியே நா, சொல்லுங்களேன்!"
ஆண்டியாம்! சொல்லிக் கொடுத்தேன். நாலு பேருமாகப் பாடினோம், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் வரை. புதுசு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இத்தனை வருஷமாக யாரிடமும் காட்டாத ஒன்றை மெதுவாகப் பாடினேன். பாதியில் நிறுத்தினேன்.
மீனாக்ஷி பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள். "ஜல்தி, ஆண்டி! அடுத்த வரி?"