லவினாவின் பூனை

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பூனை கீறியதில் எனக்குக் காய்ச்சல், அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. பயப்படாதீர்கள், வற்றி வருகிறது. "உடனே சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?" என்று டாக்டர் கேட்டார். உங்கள் மகளாயிற்றே, மஞ்சளைத்தான் அப்பியிருந்தேன். திட்டிவிட்டு மாத்திரையும், நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் எழுதினார். பூனைக்கு ஒன்றும் செய்யாத கிருமியாம், நமக்குத்தான் ஆகாதாம்.

போன மாதம் விபத்தில் இறந்த என் ரூம்மேட் லவினா வளர்த்த பூனை அது. அவள் வீட்டார் எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். கட்டிலுக்கடியில் ஒரு நைட்டி மட்டும் தங்கிவிட்டது. பூனை அதன்மேல்தான் படுக்கிறது. துவைக்கலாமென்று இழுத்தேன், கீறிவிட்டது.

"அதை வெளிய விட்டுடும்மா" என்கிறார் இந்த பி.ஜி. விடுதியை நடத்தும் லட்சுமம்மா. மனசு வரவில்லை. தினமும் லவினா வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் பூனை எழுந்து கதவைப் பார்க்கிறது. இப்போது நானும் பார்க்கிறேன்.

கேப் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பருப்புப் பொடி அனுப்பும்போது நீங்கள் கட்டின புடவை ஒன்றையும் வையுங்கள். துவைக்க வேண்டாம், அம்மா.

ஜூடித்